ஐஎஸ்ஓ எடுத்தால் பாட்டு எங்கே போகும்?

கடுப்பு தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். பழைய கேம் சிடியைப் போட்டு அதன் இமேஜை, அதாவது சிடியின் நகலை ஒரே ஐஎஸ்ஓ (ISO) கோப்பாக எடுக்கச் சொன்னால், மென்பொருள் தன்பாட்டுக்கு ஓடி முடித்து "வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்லிவிடுகிறது. அதை எமுலேட்டரில், அதாவது பழைய கணினிபோல நடந்துகொள்ளும் மென்பொருளில் ஏற்றினால் கேம் தொடங்குகிறது, கதவு திறக்கும் சத்தம் வருகிறது, சுடும் சத்தம் வருகிறது, பின்னணி இசை மட்டும் துளிகூட இல்லை. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. சவுண்ட் கார்டு அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று நாள் முழுக்க அதை நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கோளாறு அங்கே இல்லை. 90களின் கேம் சிடிகளில் ஏராளமானவை கலப்பு சிடிகள். முதல் டிராக்கில் கேமின் கோப்புகள், இரண்டாவதிலிருந்து சாதாரண ஆடியோ சிடியில் இருப்பது போலவே இசை. 1996-இல் வந்த குவேக் என்ற சுடும் கேம் அப்படித்தான், நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் இசை முழுக்க ஆடியோ டிராக்குகளாக இருந்தது, பாட்டு கேட்கும் பிளேயரில் போட்டாலே ஓடும். ஐஎஸ்ஓ கோப்போ டேட்டா டிராக்கை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், செக்டர் என்ற சின்னத் துண்டு ஒவ்வொன்றிலும் 2048 பைட். ஆடியோ செக்டரில் 2352 பைட்டும் ஒலிதான், அங்கே கோப்பும் கிடையாது, ஃபோல்டரும் கிடையாது, ஆக அதற்கு ஐஎஸ்ஓவில் இடமே இல்லை. சரி, அது அந்த வடிவத்தின் எல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிடியில் எத்தனை டிராக், எது டேட்டா, எது ஆடியோ என்ற பட்டியல் சிடியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறதே! "ஆடியோ டிராக்குகள் விடுபடும்" என்று ஒரு வரி காட்ட என்ன கேடு?

அப்புறம் பின் (BIN), கியூ (CUE) என்ற ஜோடிக் கோப்புகளாக இமேஜ் எடுக்கும் பக்கம் வந்தால் அங்கே வேறு தலைவலி. பின் கோப்பில் எல்லாம் இருக்கும், எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்பது கியூ என்ற குட்டி உரைக் கோப்பில் நிமிடம், நொடி, ஃபிரேம் என்று இருக்கும், நொடிக்கு 75 ஃபிரேம். அந்தக் குட்டிக் கோப்பைத் தொலைத்துவிட்டு வெறும் பின்னை மட்டும் பத்திரப்படுத்துகிறவர்களை என்ன சொல்வது? பின்னின் பெயரை மாற்றிவிட்டு, கியூவுக்குள் பழைய பெயரை அப்படியே விடுகிறவர்கள் இன்னொரு பக்கம். போதாததற்கு, டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரின் கையேடே கியூ கோப்பை ஏற்றும்போதும் வகையை ஐஎஸ்ஓ என்று கொடுக்கச் சொல்கிறது, புதிதாக வருகிறவருக்கு எப்படிப் புரியும்?

சில கருவிகள் ஒலியின் பைட் வரிசையைத் தலைகீழாக எழுதிவைக்கும். ஹெட்போனோடு அதை ஓட்டிப் பாருங்கள், இசைக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல். பாட்டுகளைத் தனியாக எடுத்து 1 முதல் எண் போட்டாலும் போச்சு, கேம் கேட்பது 2-இலிருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு கட்டத்தின் இசை ஒலிக்கும்.

இதற்கெல்லாம் வழி உண்டு, தேடினால் கிடைக்கும். எனக்கு உண்மையில் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. டேட்டா செக்டரில் பிழை திருத்தத்துக்கென்றே 276 பைட் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறார்கள், ஆடியோ செக்டரில் அந்தக் கூடுதல் அடுக்கு இல்லை. கீறல் ஆழமாக விழுந்தால் டிரைவ் பக்கத்து ஒலியை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டுச் சும்மா போய்விடும். அதாவது முதலில் கெடக்கூடிய பகுதி எதுவோ, அதையே இந்தக் கருவிகள் சத்தமில்லாமல் கழித்துக்கட்டுகின்றன. அந்த "வெற்றி" செய்தியை நம்பி, இமேஜ்தான் இருக்கிறதே என்று சிடியைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேர்! அந்த இசையை மறுபடி எங்கே போய் எடுப்பார்கள்?

தயவுசெய்து சிடியைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அதைப் பாட்டு பிளேயரில் போட்டு இரண்டாவது டிராக்கை ஓட்டிப் பாருங்கள். இசை வந்தால் உங்களிடம் இருக்கும் ஐஎஸ்ஓ அரைகுறை. பின், கியூவாக மறுபடி எடுங்கள், கியூவைத் திறந்து ஆடியோ என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், எமுலேட்டரில் ஏற்றி இசையைக் காதால் கேளுங்கள். அதுவரை அந்தச் சிடியைக் கைவிடாதீர்கள்.