“அண்ணா, அவசரம்” என்று வரும் கேள்விகள்

க்விஸ் கேள்விக்கு ஆன்லைனில் உதவி கேட்பது சரியா தப்பா என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். கூகுள் இருக்கிற காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஒரு கூட்டம். இப்படியே விட்டால் பிள்ளைகள் எதற்கும் துணிவார்கள் என்று இன்னொரு கூட்டம். இரண்டு தரப்பும் கேட்கிறவனைப் பிடித்து உலுக்கினார்களே தவிர, பதில் சொல்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பொறுப்பு அந்த ஆளுக்குத்தான். கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.சி. (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன் என்பதால் எங்கள் பக்கத்தில் அந்த ஆள் பல நேரம் நான்தான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பள்ளிக்கூடம் திறந்தாலே க்விஸ் சீசன்தான். ஜூன் 19 பி.என். பணிக்கர் நினைவாக வாசிப்பு தினம், ஜூலை 21 சந்திர தினம், ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி, அந்தச் சூடு ஆறுவதற்குள் சுதந்திர தினம், அக்டோபரில் காந்தி. தமிழ் மீடியம், மலையாள மீடியம் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. 2020-ல் பள்ளி மூடியபோது எல்லாம் கூகுள் ஃபார்முக்குப் போனது. அப்பா ஒரு போனில் தேட, அம்மா இன்னொரு போனில் தேட, பிள்ளை டிக் அடித்தது. கலந்துகொண்ட எல்லோருக்கும் சர்டிபிகேட். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து எழுது என்று அனுப்பிவிட்டு, யாரையும் கேட்காதே என்று எதிர்பார்த்தால் தப்பு அனுப்பியவர்கள்மேல்தான்.

நான் சொல்வது வேறு. ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். கூடவே “அண்ணா, அவசரம்”. கேள்வி, கீழே நாலு ஆப்ஷன், மேலே வலது மூலையில் சிவப்பில் நாற்பது சொச்சம் விநாடி. அந்த எண்ணைப் பார்த்த பிறகும் “பி” என்று தட்டிவிட்டால், அதற்குப் பெயர் உதவி இல்லைங்க. வேலந்தாவளத்திலோ மீனாட்சிபுரத்திலோ யாரையும் கேட்காமல் தானே யோசித்து, தப்பாகவே ஒரு விடையைத் தொட்ட பிள்ளையை நான் ஒரு படி கீழே தள்ளிவிட்டேன். பரிசு ஒரு புத்தகமோ ஐநூறு ரூபாயோதான் என்று சமாதானம் சொல்லலாம். சின்னதில் கை நீண்டால் பெரியதிலும் நீளும்.

அப்படிக் கை நீண்ட கதை நம் மாநிலத்திலேயே உண்டு. 2018-ல் நடந்த கேரள பி.எஸ்.சி. போலீஸ் தேர்வில் ஹாலுக்குள் இருந்தவர்களுக்கு எஸ்.எம்.எஸ். வழியாக விடை போனதாக அடுத்த வருஷம் வெடித்ததே, ஞாபகம் இருக்கும். முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் எல்லாம் அதில் மாட்டின. உள்ளே உட்கார்ந்து வாங்கியவர்கள் மட்டுமா? வெளியிலிருந்து அனுப்பியதாகச் சொல்லப்பட்டவர்கள்மேலும் வழக்கு வந்தது. அவர்களில் ஒருவர் போலீஸ்காரர். தப்பு விடைக்கு மூன்றில் ஒரு மார்க் வெட்டுகிற தேர்வு அது. ஒரு மார்க்கில் எத்தனை பேர் ரேங்க் லிஸ்டில் கீழே போவார்கள் என்பது அந்த லிஸ்டுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும்.

மத்திய அரசுத் தேர்வுகளுக்காக 2024-ல் வந்த சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அனுமதி இல்லாதவர் தேர்வு நேரத்தில் ஒரு கேள்விக்கு விடை கொடுத்தாலும் குற்றம். மூன்று முதல் ஐந்து வருஷம் சிறை, பத்து லட்சம் வரை அபராதம். தேர்வு எழுதும் ஆளை அந்தச் சட்டம் தேர்வு நடத்தும் அமைப்பின் விதிகளுக்கு விட்டுவிட்டது. கோடீஸ்வரன் நிகழ்ச்சியில் நண்பருக்குப் போன் போடுகிற லைஃப்லைன் இருக்கிறதே, அதையும் அந்த நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில் 2010-ல் எடுத்துவிட்டார்கள். மறுமுனை நண்பர்கள் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் காரணம்.

சரி, அப்படியானால் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாதா? சொல்லலாம், விடிய விடியச் சொல்லலாம். பி.எஸ்.சி. நமக்குத் தமிழில் கேள்வித்தாள் தருகிறது, உண்மை. ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கிற ரேங்க் ஃபைல் என்கிற கைடு புத்தகங்கள் பெரும்பாலும் மலையாளம். பாலக்காட்டுக்குப் போய் கோச்சிங்குக்குக் காசு கட்ட முடியாத தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஆன்லைனில் கேட்பதுதான் டியூஷன். அதையும் காப்பி என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளமும் தமிழ்நாடும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் எந்த ஆண்டு? ஆப்ஷனில் 1958-ம் இருக்கும், 1970-ம் இருக்கும். கையெழுத்தானது 1970 மே மாதம். ஆனால் 1958 நவம்பரிலிருந்தே அமல் என்று முன்தேதி போட்டார்கள். கடிகாரம் ஓடும்போது கேட்டால் “சி, 1970” என்பதோடு முடிந்தது. க்விஸ் முடிந்து ராத்திரி கேட்டால், பன்னிரண்டு வருஷம் ஏன் பின்னால் போனார்கள் என்று பேசலாம். அணை கேரள மண்ணில், சாவி தமிழ்நாட்டின் கையில், இது எப்படி என்று பேசலாம். சித்தூர்ப்புழைக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி.க்காக வருஷா வருஷம் ஏன் கூச்சல் என்று, மூலத்தறை வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் போட்டிருக்கிற தன் அப்பாவிடமே அந்தப் பிள்ளை போய்க் கேட்கும்.

தானே யோசித்தால்தான் பாடம் நிற்கும் என்பது என் ஆசை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பதினொரு வருஷம் கவனித்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டுப்பாடக் கேள்விகளில் நன்றாகச் செய்துவிட்டுப் பரீட்சையில் அதே அளவுகூட எடுக்காதவர்கள் 2008-ல் 14 சதவீதம், 2017-ல் 55. விடையைத் தானே யோசிக்காமல் எங்கிருந்தோ எடுத்து எழுதுவதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு.

இப்போது எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட் குறைந்துவிட்டது. பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் போய்விட்டார்கள். நானாவது “இது எங்கே கேட்டாங்க, இன்னும் முடியலையா?” என்று கேட்பேன். அது தானாக அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வரும் சந்திர தினத்துக்கு எங்கள் வாசகசாலையில் க்விஸ் நடத்தச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் சுற்றுகளில் போன் எல்லாம் மேசைமேல். கடைசிச் சுற்றில் போனை எடுத்துக்கொள்ளலாம், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் விடையோடு காரணமும் எழுத வேண்டும், யாரிடம் கேட்டோம் என்றும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மார்க் எப்படிப் போடுவது, தகராறு வந்தால் யார் பதில் சொல்வது என்று செயலாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசுகிறோம். யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள்.