பாறை எலியைச் சூழ்ந்த புல்லும் தீயும்

அழிந்துவிட்டதாக நினைத்த ஓர் உயிரினம் மீண்டும் தென்பட்டால் கொண்டாடுகிறோம். அதன் பிறகு அதற்கு என்ன ஆனது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

ஆஸ்திரேலியாவின் மத்தியப் பாறை எலி 1960க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1996இல், நாட்டின் நடுவே பாலையிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, மெக்டோனல் மலைத்தொடரில் மீண்டும் அகப்பட்டது. 2001, 2002 காலத்துப் பெருந்தீக்குப் பிறகு பல ஆண்டுகள் மறுபடியும் காணவில்லை. கடைசியில் உயர்ந்த சிகரங்களின் குவார்ட்சைட் என்ற கடினப் பாறையின் இடுக்குகளில்தான் தென்பட்டது. இன்று அது மிக அருகிவிட்ட இனம்.

இரவில் விதை பொறுக்கித் தின்னும் சாதுவான பிராணி. கொழுப்பேறித் தடித்த வால்தான் அதன் அடையாளம். அந்த வாலைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். போன வால் மீண்டும் வளராது. எதிரியிடமிருந்து தப்ப இயற்கை கொடுத்த அந்த உபாயம் பூனையிடம் எத்தனை முறை பலிக்கும்? ஐரோப்பியர் கொண்டுவந்த பூனை இன்று அந்தப் பாலை முழுவதும் காட்டு விலங்காகத் திரிகிறது.

பூனையை எல்லோரும் பேசுகிறார்கள். புல்லைப் பேசுவோர் குறைவு. நம் கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல்தான் அங்கே ‘பஃபெல்’ என்ற பெயரில் வில்லனாகியிருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கும் புழுதியை அடக்கவும் விதைத்தார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அடர்ந்து வளர்ந்து, காய்ந்து, கொழுந்துவிட்டு எரிகிறது. எரிந்த இடத்தில் மற்ற செடிகளை முந்திக்கொண்டு மறுபடியும் துளிர்க்கிறது. பழங்குடி மக்கள் சிறுசிறு திட்டுகளாகத் தீயிட்டு நிலத்தைப் பேணிய வழக்கமும் பல இடங்களில் அற்றுப்போனதால், பற்றிய தீயைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. மறைவிடம் எரிந்து வெட்டவெளியானால் பூனைக்கு வேட்டை எளிது. எலியின் எதிரிகள் இப்படித்தான் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

காங்கேயம் மண்ணில் அந்தப் புல்லை மதிப்பவன் நான். அதற்காக, இன்னொரு நாட்டு மலையில் அது செய்யும் நாசத்துக்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அடங்கிய ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேச (Northern Territory) அரசு 2024இல்தான் அதைக் களையாக அறிவித்தது. மிகத் தாமதம். மாட்டுப் பண்ணைகளின் வருமானத்தை நினைத்து இத்தனை காலம் தயங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனப் பூங்காவில் இந்த எலிகளை வளர்த்துப் பெருக்கும் வேலையை மனதார வரவேற்கிறேன். ஆனால் கூண்டில் பிறந்த குட்டிகளை எந்த மலையில் விடுவது? சிகரங்களில் பூனைக் கட்டுப்பாடு ஒரு பருவம்கூடத் தடைபடக் கூடாது. அடிவாரத்துப் புல்லை அகற்ற ஆளும் பணமும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். களை என்று அரசிதழில் அச்சிட்டதோடு கடமை முடிந்தது என்று அந்த அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.