நாக்ஸ் நொதியை ஒரேயடியாக அடக்கலாமா?
செல் சவ்வில் உட்கார்ந்து சூப்பர்ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் பொருளைத் தயாரிக்கும் நாக்ஸ் நொதிகளை ஒட்டுமொத்தமாக அடக்கிவிட்டால் பாதி நோய் தீரும் என்கிறது மேலே உள்ள கட்டுரை. அது எப்படிச் சரியாகும்? வெள்ளணு விழுங்கிய கிருமியைக் கொல்லவே அந்த நொதிகளில் ஒன்றான நாக்ஸ்2 வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யவில்லை. பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கே அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்தது. வெறும் காசநோய் என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையில் நாக்ஸ்2 வேலை செய்யாததால் வரும் நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று தெரிந்தது. இன்றும் தினமும் பாக்டீரியாவுக்குக் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு இட்ராகோனசோல். அக்கா கறிவேப்பிலைச் செடிக்கு மக்கிய உரம் போட்டுக் கொத்தினால் பையன் வீட்டுக்குள் போய்விட வேண்டும், அந்த உரத்தில் இருக்கும் பூஞ்சை அவன் நுரையீரலுக்கு ஆகாது. மேலே கருத்துப் பகுதியில் இதற்கு வைட்டமின் மாத்திரையைச் சிபாரிசு செய்த நண்பரே, இந்த நாக்ஸ் குடும்பத்தில் மொத்தம் 7 நொதிகள். தைராய்டு ஹார்மோன் சுரக்கக்கூட இதே குடும்பத்து டூவாக்ஸ்2 தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. இதில் எதை அடக்கச் சொல்கிறீர்கள்?