இருட்டாக்கினால்தான் எடுபடுமா?

மறந்துபோன சூப்பர் ஹீரோயினை மீட்கக் கதையை இருட்டாக்க வேண்டும், அதாவது இறுக்கமாக, சோகமாக மாற்ற வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு ஒப்பவில்லை. மார்வெல் காமிக்ஸின் ஸ்குவிரல் கேர்ளை, அதாவது அணில் பெண்ணைப் பாருங்கள். 1991-இல் வில் முர்ரே எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த கதை. அணில் கூட்டத்தை ஏவி, மார்வெலின் பெரிய வில்லன் டாக்டர் டூமையே மண்ணைக் கவ்வ வைத்தாள். அப்புறம் பல வருடம் ஆளையே காணோம்.

2015-இல் எழுத்தாளர் ரயன் நார்த்தும் ஓவியர் எரிக்கா ஹென்டர்சனும் புதுத் தொடரில் அவளைக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கச் சேர்த்துவிட்டார்கள். பூசினாற்போல் உடம்பு, துருத்திய முன்பற்கள், கேலி மட்டும் அப்படியே. முதல் இதழிலேயே வேட்டைக்கார வில்லன் கிராவெனிடம் பேசியே, கடல் ராட்சசர்களை வேட்டையாடப் போ என்று அனுப்பிவிடுகிறாள்! பக்கத்துக்கு அடியில் பொடி எழுத்தில் நார்த் அடிக்கும் நக்கல் தனி. போனில் படித்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கி விரல்தான் வலிக்கும். 2017-இல் பதின்வயதினர் பிரிவில் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் வாங்கிய தொடர் இது.