'முறையே' யாருடைய சொல்?

சென்ற வார ஆசிரியர் பயிற்சியைப் பற்றி, அறிவியல் ஆசிரியையான நான் இங்கே எழுதிய நான்கு வரிகளுக்கு இத்தனை பேர் கொதிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் நாற்பது வரியாகவே எழுதியிருப்பேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அதே கூடத்தில் இருந்தீர்கள். வாசிப்புத் திறன் அமர்வு தொடங்கும்போது, பயிற்சி நடத்திய கருத்தாளர், "இது மொழிப்பாட ஆசிரியர்களுக்கானது, மற்றவர்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம்" என்றார். கூடம் சிரித்தது. நாங்களும் எழுந்து போனோம்.

எங்களை அப்படி வெளியே அனுப்பியது தவறு என்றுதான் எழுதினேன். யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. அதற்குக் கிடைத்த மறுமொழிகளில் சிறந்தது, "அறிவியல் டீச்சருக்குத் தமிழம்மா ஆக ஆசை வந்துவிட்டது" என்பது. அதற்கு 80க்கும் மேற்பட்ட விருப்பக்குறிகள். அதில் ஐந்தாறு பேர் என்னோடு ஒரே பேருந்தில் வருகிறவர்கள்.

ஆகவே நிதானமாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் எந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியராக இருந்தாலும், தன் பாடநூலைப் பிள்ளைகள் எப்படி வாசிக்க வேண்டும், தன் பாடத்தில் ஒரு விடையை எப்படி எழுத வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க அவருக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எங்களுக்குத் தரப்படவில்லை. என் நான்கு வரிகளில் இருந்ததும் இவ்வளவுதான்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "இரு பொருள்களின் நிறைகள் முறையே 2 கி.கி., 5 கி.கி. எனில்" என்று ஒரு கணக்கு தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் 31 பேரிடம் 'முறையே' என்றால் என்ன என்று கேட்டேன். 'சொன்ன அதே வரிசையில்' என்று நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். ஒருவன் எழுந்து, "தாய்மாமன் முறை செய்வது, டீச்சர்" என்றான். நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்: அவன் வீட்டில், அவன் ஊரில், அந்தச் சொல் அப்படித்தானே புழங்குகிறது? அதன் இன்னொரு பொருளை அவனுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? என் கண்ணில் பட்டவரை தமிழ்ப்பாட நூலின் அருஞ்சொற்பொருளில் அது இல்லை. எங்கள் நூலின் கலைச்சொல் பட்டியலிலும் இல்லை, ஏனெனில் அது கலைச்சொல் அன்று. இரண்டு பாடங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஆண்டுதோறும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது.

'அணி' என்ற சொல்லையும் பாருங்கள். முதல் பாடவேளையில் உவமையணி. இரண்டாவது பாடவேளையில், பத்தாம் வகுப்புக் கணக்கில், அடைப்புக்குறிக்குள் நிரையும் நிரலுமாக எண்கள். மாலையில் மைதானத்தில் கபடி அணி. கணக்கில் வர்க்கமூலம், சமூக அறிவியலில் தொழிலாளர் வர்க்கம். பொதிமாடு சுமையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் அதற்குக் களைப்பு உண்டு. ஆனால் இயற்பியலின்படி அது சுமையின் மீது எந்த 'வேலை'யும் செய்யவில்லை. இவற்றையெல்லாம் தமிழாசிரியர் வந்து விளக்க வேண்டுமா? அவருக்கு இடப்பெயர்ச்சியையும் விசையையும் கற்பிக்க நாம் தனியாகப் பயிற்சி நடத்த வேண்டியிருக்கும்.

சொற்களைவிட வாக்கியம் கடினமானது. மிதப்பு விசையைப் பற்றிய ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் தமிழில், "பொருளால் வெளியேற்றப்பட்ட திரவத்தின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசை" என்று கட்டிவைத்திருக்கிறோம். ஓர் உருபு, ஒரு செயப்பாட்டுப் பெயரெச்சம், பிறகு இரண்டு வேற்றுமைகள், அவற்றின் மேல் இன்னொரு பெயரெச்சம். இந்த வரியைத் தடையில்லாமல், கணீரென்று வாசித்த மாணவி தேர்வுத்தாளில், "மேல்நோக்கு விசை பொருளின் எடைக்குச் சமம்" என்று எழுதினாள். மிதக்கும் கட்டைக்கு அது பொருந்தும். மூழ்கிய கல்லுக்குப் பொருந்தாது. அவளுக்கு வாசிக்கத் தெரியும். பெயரெச்சத்துக்கு 'வந்த பையன்' என்று எடுத்துக்காட்டும் தரத் தெரியும். தமிழாசிரியர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். 'வெளியேற்றப்பட்ட' என்பது எதைத் தழுவி நிற்கிறது, எடை யாருடையது என்று அந்த இடத்தில் நிறுத்திக் கேட்காமல் விட்டது நான்.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட விடைகளில் சிவப்பு மையால் 'கருத்துப்பிழை' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகளைக் கவனமில்லாதவர்கள் என்று திட்டியிருப்பேன் என்பதை இப்போது கணக்கெடுக்க விரும்பவில்லை.

என் பி.எட். ஓராண்டுப் படிப்பு, 2003-04இல். 40 நாள் கற்பித்தல் பயிற்சிக்குப் போனோம். அட்டையில் இதயம் வரைந்தேன், தெர்மகோலில் அணு செய்தேன், ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் படிநிலைகளில் பாடத்திட்டம் எழுதி நோட்டுகளை நிரப்பினேன். பாடநூலின் ஒரு பக்கத்தைத் திறந்து, "இதில் பதின்மூன்று வயதுப் பிள்ளை எங்கே தடுக்கி விழும்?" என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

"இது உங்கள் புதிய கண்டுபிடிப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. இங்கிலாந்தில் பள்ளிகளின் மொழிக் கற்பித்தலை ஆராய்ந்து 1975இல் வெளியான புல்லக் குழுவின் அறிக்கை, எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் மொழியில் பொறுப்பு உண்டு என்றது. இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் உருவான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, அறிவியல் வகுப்பும் கணித வகுப்பும் மொழி வகுப்புகளே என்று எழுதிவைத்திருக்கிறது. 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, எல்லாப் பாடங்களிலும் மொழியின் இடம் பற்றி ஒரு தாளே வந்துவிட்டது. காகிதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டால், கொள்கைகள், வகைகள், வரையறைகள் என்று ஒப்பிக்கிறார்கள். பத்து மதிப்பெண் வினாவுக்குப் படித்திருக்கிறார்கள். பாவம், அவர்களையும் யாரும் ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லவில்லை.

"பாடத்தை யார் முடிப்பது?" இது நியாயமான கேள்வி. எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றி, விலையில்லாப் பொருள்களுக்குக் கையொப்பம் வாங்கி, மீதி நேரத்தில் அலகுத் தேர்வுத் தாள் திருத்தும் ஒருவரிடம் இன்னும் ஒரு பொறுப்பைத் தூக்கிக் கொடுப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நான் கேட்பது தனி வகுப்பு அன்று. ஒரு வரையறையை மூன்று சிறு வாக்கியங்களாக உடைத்துப் பிள்ளைகளைக் கொண்டு மறுபடி சேர்க்க வைப்பதற்கும், 'விவரி' என்பதற்கும் 'காரணம் கூறு' என்பதற்கும் எழுதும் முறை எப்படி மாறும் என்று கரும்பலகையில் காட்டுவதற்கும் பத்து நிமிடம் போதும். அதே பாடத்தை மூன்றாம் முறை திருப்புதல் செய்யும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"எல்லாம் கைபேசியால் வந்தது" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"அதற்குத்தான் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததே, இப்போது 'திறன்' திட்டமும் வந்திருக்கிறதே" என்கிறார்கள். வரவேற்கிறேன். 2022இல் தொடங்கிய முதலாவது திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு உரியது. இரண்டாவது தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் பின்தங்கியவர்களுக்கு அடிப்படைகளைத் தருகிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் சிக்கல் வேறு. நான் பேசுவது எழுத்துக்கூட்டத் தெரிந்து, சரளமாக வாசித்து, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது. (இயற்பியலில் 'திறன்' என்றால் வேலை செய்யும் வீதம், அலகு வாட் என்பதையும் யாராவது அதனிடம் சொல்லிவைக்க வேண்டும்.)

தமிழாசிரியர்களை நான் குறை சொல்கிறேன் என்று எழுதிய தோழிக்கு: நான் சொன்னது நேர் எதிரானது. எந்தப் பாடத்தில் பிள்ளை தோற்றாலும், "தமிழே வாசிக்கத் தெரியவில்லை" என்று ஆசிரியர் அறையில் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது நாம்தான். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு தாள் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் திரும்பிப் பார்த்தவள்தான்.

விளம்பரத்துக்காக எழுதுகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பெயரெச்சத்தைப் பற்றி எழுதி விளம்பரம் தேடும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். உண்மையில் என்னை உறுத்துவது அந்தச் சிரிப்புகூட இல்லை. கருத்தாளர் சொன்னதும் நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். விடுதலை கிடைத்ததுபோல் இருந்தது. தேநீரும் நன்றாகவே இருந்தது. வராந்தாவில் நின்றபோது, உள்ளே ஒரு பத்தியைத் திரையில் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது நீர்ச்சுழற்சி பற்றிய பத்தி. என் பாடம்.

அடுத்த கட்டப் பயிற்சிக்கு இன்று காலை அழைப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு நூலின் 'பாய்மங்கள்' பாடத்தைக் கையில் எடுத்துப் போகிறேன். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் சொற்களையும் வாக்கியங்களையும் கீழே எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். 'முறையே' ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது.