ஆசிரியர் இல்லாத இறையியல் பட்டமா?

திறன் அடிப்படையிலான இறையியல் கல்வியில், அதாவது வகுப்பில் இருந்த நேரத்தை அல்லாமல் மாணவர் காட்டும் தேர்ச்சியை வைத்துப் பட்டம் தரும் முறையில், ஆசிரியருக்கு வேலையே இல்லை என்று ஒரு கருத்து பகிரப்பட்டிருக்கிறது. அது சரியல்ல என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். குறைவது விரிவுரைதான், மாணவரை அருகிருந்து வழிநடத்தி மதிப்பிடும் பொறுப்பு கூடுகிறது. என் பார்வையில் அதுவே கடினமான பணி.

அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் இறையியல் கல்லூரி 2014-இல் தொடங்கிய கைரோஸ் திட்டத்தைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று வழிகாட்டிகள்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஊழியக் களத்தில் இருப்பவர், இன்னொருவர் தனிவாழ்வில் துணை நிற்பவர். தேர்ச்சியை மதிப்பிடுவதில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு.

இத்திட்டத்திலிருந்து வளர்ந்த கைரோஸ் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் வழிகாட்டிகள் பற்றிய பகுதியை யாரும் படித்துச் சரிபார்க்கலாம். அமெரிக்க, கனடா இறையியல் கல்லூரிகளின் சங்கம் 2020-இல் ஏற்ற அங்கீகாரத் தரவிதிகளும் அதன் தளத்தில் உள்ளன; ஆசிரியர்களுக்கென்றே அதில் தனிப் பிரிவு இருக்கிறது.