வங்குரோத்தில் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்?

அமெரிக்க வாகன உதிரிப்பாகக் கம்பனி பர்ஸ்ட் பிராண்ட்ஸ் 2025 செப்டம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை முழுக்கக் கடன் கொடுத்தவர்களின் கணக்குத்தான், வைப்பரும் ஒயில் பில்டரும் செய்தவர்களுக்கு ரெண்டு வரிதான். டெல்பையைப் பாருங்கள். 2005 ஒக்டோபரில் வங்குரோத்தான அந்த அமெரிக்க உதிரிப்பாகக் கம்பனியின் ஓய்வூதியத் திட்டங்கள் 2009இல் அமெரிக்க அரசின் ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனத்திடம் போயின, அந்த நிறுவனமோ சட்டம் வைத்த உச்சவரம்புக்கு மேல் கொடுக்காது. பெரிய தொழிற்சங்கங்களில் இருந்தவர்களுக்குக் அப்படிக் குறைந்துபோன தொகையைப் பழைய தாய்க் கம்பனி ஜெனரல் மோட்டர்ஸ் ஒப்பந்தப்படி நிரப்பியது, சங்கமில்லாத மாதச் சம்பளக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை இழந்தார்கள். அநியாயம்!

எங்கள் ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டுநாயக்க, பியகம சுதந்திர வர்த்தக வலயங்களில் வேலை செய்கிறார்கள். தம்பி, தங்கச்சிமாரே, சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்திருக்கிறது என்றால் அது கட்டுப்பட்டது என்று அர்த்தமில்லை. அம்மா வேலை செய்த தோட்டத்தில் கழித்தார்கள், வருஷக்கணக்காகக் கட்டவில்லை. கம்பனி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் 8 வீதமும் கம்பனி போடவேண்டிய 12 வீதமும் மத்திய வங்கிக் கணக்கில் விழுகிறதா என்று தொழில் காரியாலயத்தில் கேளுங்கள். விழவில்லையா, அன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சங்கம் இருந்தால் அதிலும் சேருங்கள்.